பத்து டெசிபெல் எங்கே போனது? பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றின் வீச்சுப் பிழை

எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று திரையில் வரைந்து காட்டுவது ஸ்பெக்ட்ரம் அனலைசர். வாங்கி வந்த அந்தப் பழைய கருவியை மேசையில் ஏற்றி, அரை மணி நேரம் சூடேற விட்டேன். பிறகு செய்த முதல் வேலை, அதன் சொந்தக் காலிபரேட்டர் (அளவு தெரிந்த சோதனைச் சிக்னலைத் தரும் பகுதி) வெளியீட்டை ஒரு குட்டைக் கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே கொடுத்ததுதான். முகப்பில் 100 மெகாஹெர்ட்ஸ், −20 டிபிஎம் (1 மில்லிவாட்டுக்கு 20 டெசிபெல் கீழே) என்று அச்சிட்டிருக்கிறது. திரையில் சிகரம் −26.8 டிபிஎம்மில் நின்றது. உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் 10 டெசிபெல்லில் இருந்தது, அதிர்வெண்களைப் பிரிக்கும் ஃபில்டரின் அகலமான பேண்ட்விட்த் 10 கிலோஹெர்ட்ஸ். எல்லாம் சாதாரண அமைப்புகள்தான்.

விற்றவர் ஒளித்துப் பேசவில்லை. "கொஞ்சம் குறைவாகக் காட்டும், முகப்புத் திருகைத் திருப்பினால் சரியாகிவிடும்" என்றுதான் சொன்னார். அந்தத் திருகில் கைவைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது ஏற்கெனவே வலது கோடிவரை திருப்பப்பட்டிருந்தது, இனி ஏற்ற இடமே இல்லை. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் இந்தக் குறையைக் கண்டிருக்கிறார். காரணத்தைத் தேடாமல், திருகு கொடுத்த மூன்று டெசிபெல்லையும் செலவழித்துவிட்டுப் போயிருக்கிறார்.

திருகை நடுநிலைக்குக் கொண்டுவந்தேன். நினைவகத்தில் சேமித்திருந்த சுயதிருத்த எண்களையும் நிறுத்தினேன். அந்த எண்கள் பழைய பிழைகளின் மேல் பூசிய சுண்ணாம்பு போன்றவை, சுவரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதைச் சுரண்ட வேண்டும். இப்போது சிகரம் −29.9. ஆக, உண்மையான இழப்பு ஏறத்தாழ 10 டெசிபெல்.

திறனில் பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு. ஒரு சாதனத்திலிருந்து கசியும் அலை அனுமதித்த வரம்பை 6 டெசிபெல் மீறியிருந்தாலும், இந்தக் கருவி அது வரம்புக்கு 4 டெசிபெல் கீழே இருப்பதாகக் காட்டும். இப்படிப்பட்ட கருவியை நம்பி வேலை செய்வதைவிடக் கருவி இல்லாமல் இருப்பதே மேல். அதனால்தான் இந்தப் பத்து டெசிபெல்லும் எங்கே போயின என்று கடைசிப் புள்ளிவரை கணக்குப் பார்க்கத் தீர்மானித்தேன்.

முதலில் சாட்சியை விசாரித்தேன்

கருவி பொய் சொல்கிறதா, காலிபரேட்டர் பொய் சொல்கிறதா? இதைத் தீர்க்காமல் உள்ளே போகக் கூடாது. காலிபரேட்டர் வெளியீட்டை நம்பகமான பவர் மீட்டரில் கொடுத்தபோது −20.05 டிபிஎம் வந்தது. பவர் மீட்டர் அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்காது, வருவதையெல்லாம் கூட்டிச் சொல்லும். அடிப்படை அலைக்கு 10 டெசிபெல் கீழே ஒரு ஹார்மோனிக் (அதன் அதிர்வெண்ணின் முழு மடங்கில் வரும் அலை) இருந்தால் அதுவே மீட்டரை 0.4 டெசிபெல் உயர்த்திவிடும். எனவே ஹார்மோனிக்குகளையும் பார்த்துக்கொண்டேன். எல்லாம் 30 டெசிபெல்லுக்கும் கீழே இருந்ததால் அவற்றால் வரும் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல.

பவர் மீட்டர் இல்லாதவர்கள் ஆஸிலோஸ்கோப்பால் சமாளிக்கலாம். 50 ஓம் முடிவில் −20 டிபிஎம் என்பது 22.4 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ், உச்சிக்கு உச்சி 63 மில்லிவோல்ட். ஸ்கோப்பின் செங்குத்துப் பிழை 3 சதவீதம் என்றாலும் டெசிபெல் கணக்கில் அது கால் டெசிபெல்தான். பத்து டெசிபெல்லைத் தேடுபவருக்கு இந்தத் துல்லியம் தாராளம். ஒரு நிபந்தனை உண்டு. 100 மெகாஹெர்ட்ஸை அளக்கும் ஸ்கோப்பின் பட்டை அதைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், உள்ளீடு 50 ஓமில் முடிந்திருக்க வேண்டும்.

சாட்சி நேர்மையானது என்று உறுதியான பிறகு கேபிள்களை மாற்றிப் பார்த்தேன். அங்கே எதிர்பாராத ஒன்று தென்பட்டது. குட்டைக் கேபிளுக்குப் பதில் அரை மீட்டர் நீளம் கூடிய கேபிளை மாட்டியதும் சிகரம் 0.8 டெசிபெல் நகர்ந்தது. நல்ல கேபிளில் 100 மெகாஹெர்ட்ஸில் அரை மீட்டருக்கு இவ்வளவு இழப்பு வராது. ஆனால் கேபிளுக்குள் அந்த அதிர்வெண்ணின் அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அரை மீட்டர் கூடினால், போய்த் திரும்பும் பாதை அரை அலைநீளம் கூடும். இரு முனைகளிலும் எதிரொலிப்பு இருந்தால், முன்பு கூடிய அலைகள் இப்போது கழியும். உள்ளீட்டு முனையில் நேரடியாக ஒரு 10 டெசிபெல் பேட் (நிலையான சிறு அட்டெனுவேட்டர்) செருகியதும் இந்த ஆட்டம் 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கிவிட்டது. 10 டெசிபெல் அட்டெனுவேஷன் உள்ளே இருக்கும்போதே உள்ளீடு 50 ஓமாக இல்லை என்பதற்கு இது முதல் குறிப்பு. அப்போது அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்ததோடு சரி. அதன் முழுப் பொருள் இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது.

இரைச்சல் தளம் சொன்ன சேதி

வீச்சு குறைந்த ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிகரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடியில் புல்லைப் போல ஆடும் இரைச்சலைக் கவனிப்பதில்லை. எந்த அளவுகருவியும் இல்லாமல் பழுதின் இடத்தைக் குறுக்கித் தருவது அந்தப் புல்தான்.

காரணம் எளிது. திரையில் தெரியும் இரைச்சலின் பெரும்பகுதி, உள்வரும் அதிர்வெண்ணை வேறொன்றாக மாற்றும் முதல் மிக்சரிலும் அதற்கு அடுத்த பெருக்கியிலும் பிறக்கிறது. அதற்குப் பின்னால் எங்கேயாவது பெருக்கம் குறைந்தால் சிக்னலும் இரைச்சலும் ஒரே அளவு தாழும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. மாறாக, மிக்சருக்கு முன்னால் இழப்பு ஏற்பட்டால் சிக்னல் மட்டும் தாழும், இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும், இடைவெளி சுருங்கும். மிக்சர் டயோடு கெட்டு அதன் மாற்ற இழப்பு கூடினாலும் இதே கதைதான்.

என் கருவியில் 10 டெசிபெல் அட்டெனுவேஷன், 10 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்துக்குக் கையேடு தரும் இரைச்சல் வரம்பு −94 டிபிஎம். ரெஃபரன்ஸ் லெவலை, அதாவது திரையின் மேல்கோடு குறிக்கும் அளவை, கீழே இறக்கி, இரைச்சலைத் திரையின் மேற்பகுதிக்குக் கொண்டுவந்து, ஆட்டத்தைச் சமன்செய்யும் வீடியோ ஃபில்டரைக் குறுக்கி அளந்தேன். −98.3 வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மகிழ வேண்டிய எண், வரம்பைவிட நான்கு டெசிபெல் நல்லது! ஏமாற்றுவது இந்த இடம்தான். பெருக்கம் குறைந்த கருவி தன் இரைச்சலையும் குறைத்தே காட்டும். பார்க்க வேண்டியது இடைவெளியை. −20க்கும் −94க்கும் இடையே 74 டெசிபெல் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது −29.9க்கும் −98.3க்கும் இடையே 68.4. கையேட்டின் எண் உச்சவரம்பு, நல்ல நிலையில் உள்ள கருவி அதைவிடக் கீழேயே நிற்கும். அப்படியென்றால் மிக்சர் வரையிலான பாதையில் குறைந்தது 5.6 டெசிபெல் தொலைந்திருக்கிறது. மீதி, அதிகபட்சம் 4.3 டெசிபெல், பின்னால், மிக்சர் மாற்றித் தரும் அலையைப் பெருக்கும் இடை அதிர்வெண் பகுதியில்.

(லாக் அளவில் சராசரி எடுத்த இரைச்சல் உண்மைத் திறனைவிட 2.5 டெசிபெல் குறைவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் கையேட்டின் எண்ணும் அதே முறையில் எடுத்ததுதான், ஒப்பிடும்போது அந்த வித்தியாசம் தானாகவே கழிந்துவிடுகிறது.)

ஒரே நோய் என்று நினைத்தது இரண்டாகப் பிரிந்தது. இன்னொரு ஆதாரமும் கிடைத்தது. கருவியைக் குளிரவிட்டு மறுபடி இயக்கி, 5ஆம் நிமிடத்திலும் 45ஆம் நிமிடத்திலும் எண்களைக் குறித்தேன். சிகரம் 1.2 டெசிபெல் இறங்கியிருந்தது, இரைச்சலும் அதே 1.2 இறங்கியிருந்தது. இரண்டும் கைகோத்து இறங்கியதால் வெப்பத்தோடு நகரும் பழுது பின்பகுதியில்தான் இருக்கிறது. முன்பகுதிப் பழுது அசையாமல் நிற்பது. ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு என்று கருவி ஏன் மனம்போன போக்கில் நடந்தது என்பதற்கும் விளக்கம் கிடைத்தது.

எட்டு எண்கள்

உள்ளீட்டு அட்டெனுவேட்டரில் மூன்று படிகள் மட்டுமே உண்டு: 10, 20, 40 டெசிபெல். ஒவ்வொன்றும் பாதைக்குள் வரும், அல்லது நேர்வழியாக விலகும். இந்த மூன்றையும் சேர்த்துப் பிரித்துத்தான் 0 முதல் 70 வரையிலான எட்டு நிலைகளும் உருவாகின்றன. 10 டெசிபெல் படி 10, 30, 50, 70 ஆகிய நிலைகளில் உள்ளே இருக்கும். 20 டெசிபெல் படி 20, 30, 60, 70இல். 40 டெசிபெல் படி 40 முதல் 70 வரை. எந்தெந்த நிலைகளில் பிழை வருகிறது என்று தெரிந்தால், எந்தப் படி கெட்டது என்பது பெட்டியைத் திறக்காமலேயே தெரிந்துவிடும்.

ஆனால் சோதிக்கும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. ரெஃபரன்ஸ் லெவலை அப்படியே வைத்து அட்டெனுவேட்டரை மட்டும் மாற்றினால், கருவி அதை ஈடுகட்ட இடை அதிர்வெண் பெருக்கத்தைத் தானாகவே 10 டெசிபெல் ஏற்றும். அப்போது சிகரம் குதித்தால் குற்றம் அட்டெனுவேட்டருடையதா, இப்படிப் பெருக்கத்தை ஏற்றும் படிப் பெருக்கியுடையதா என்று சொல்ல முடியாது. எனவே மூன்றையும் சேர்த்தே நகர்த்தினேன். அட்டெனுவேட்டரை 10 ஏற்றும்போது ரெஃபரன்ஸ் லெவலையும் 10 ஏற்றி, சிக்னல் ஜெனரேட்டரின் வெளியீட்டையும் 10 ஏற்றினேன். இப்படிச் செய்தால் உட்பெருக்கம் மாறாது, மிக்சருக்குச் சென்றுசேரும் அளவும் மாறாது. அட்டெனுவேட்டர் ஒன்றுதான் மாறும். 0 நிலையில் −60 டிபிஎம்மில் தொடங்கி, 70 நிலையில் +10 டிபிஎம்மில் முடித்தேன். சிகரத்தை எப்போதும் மேல்கோட்டை ஒட்டியே வைத்ததால் சிக்னலை டெசிபெல் அளவாக மாற்றும் லாக் பெருக்கியின் பிழையும் கலக்கவில்லை. ஜெனரேட்டரின் மேல்நிலைகளைப் பவர் மீட்டரில் சரிபார்த்திருந்தேன்.

குறிப்பேட்டில் உள்ளபடி, எதிர்பார்த்த அளவிலிருந்து விலகல்:

0 நிலையில் −4.3
10 நிலையில் −9.9
20 நிலையில் −4.4
30 நிலையில் −9.8
40 நிலையில் −4.1
50 நிலையில் −9.9
60 நிலையில் −4.5
70 நிலையில் −10.1

இந்த எட்டு எண்களையும் எழுதி முடித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறி இறங்கும் இந்த வரிசைக்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. 10 டெசிபெல் படி 10க்குப் பதில் 15.6 டெசிபெல் குறைக்கிறது. மற்ற இரண்டு படிகளும் நலம். எல்லா நிலைகளிலும் அடியில் நிற்கும் 4.3, பின்பகுதிப் பழுதின் அளவு. இரைச்சல் தளம் தோராயமாகப் பிரித்துக் காட்டிய அதே இரண்டு எண்களை அட்டெனுவேட்டர் சோதனை வேறு வழியில் வந்து உறுதி செய்தது.

புதிய உதிரி கைக்கு வரும்வரை ஒரு வழியும் இதில் கிடைத்தது. 20, 40, 60 ஆகிய நிலைகளை மட்டும் பயன்படுத்தினால் முன்பகுதிப் பழுது குறுக்கே வராது. அவசர அளவீடுகளை அப்படித்தான் சில நாள் செய்துவந்தேன்.

வழிதவறிய ஒரு மாலை

இடையில் ஒரு மாலைப்பொழுது வீணானது. வேறு யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதால் சொல்கிறேன். பேண்ட்விட்த்தை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சிகரம் இன்னும் 1.2 டெசிபெல் தாழ்ந்தது. குறுகிய பேண்ட்விட்த்களுக்குப் படிக ஃபில்டர்களும் அகன்றவற்றுக்குச் சுருள்-மின்தேக்கி ஃபில்டர்களும் இந்தக் கருவியில் உள்ளன. படிக ஃபில்டர் நகர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி, போர்டைக் கழற்றும் அளவுக்குப் போய்விட்டேன். நல்லவேளையாகச் சிகரம் தாழ்ந்ததோடு சற்று வலப்புறமும் நகர்ந்திருந்தது கண்ணில் பட்டது. ஃபில்டரின் பெருக்கம் மட்டும் குறைந்தால் சிகரம் தாழும், பக்கவாட்டில் நகராது. ஓட்டம், அதாவது கருவி அதிர்வெண்களை வரிசையாகக் கடப்பது, அதிவேகமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

ஓட்ட நேரம் தானியங்கியில் இல்லை, 50 மில்லிசெகண்டில் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. திரையில் தெரியும் 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை 1 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரால் கடக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம், அகலத்தைப் பேண்ட்விட்த்தின் வர்க்கத்தால் வகுத்து இரண்டரையால் பெருக்கினால் வரும் 250 மில்லிசெகண்ட். ஃபில்டர் நிறைவதற்குள் சிக்னல் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஓட்டத்தைத் தானியங்கிக்கு மாற்றியதும் 1.2இல் 0.3 மட்டுமே மிஞ்சியது, அது பேண்ட்விட்த் மாற்றத்துக்குக் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தது. அன்றிலிருந்து எந்த வீச்சு அளவீட்டுக்கும் முன் ஓட்ட நேரத்தை ஒருமுறை இரட்டித்துப் பார்க்கிறேன். சிகரம் அசையாவிட்டால்தான் எண்ணை எழுதுகிறேன்.

எரிந்த மின்தடை

அட்டெனுவேட்டர் ஒரு சிறிய உலோகப் பெட்டி, நான்கு திருகுகளும் இரண்டு கடினக் கோஆக்சியல் இணைப்புகளும்தான். அதைத் தொடும் முன் மின்கம்பியைப் பிடுங்கி, காட்சிக் குழாயின் உயர் மின்னழுத்தம் வடியும்வரை காத்திருந்தேன். கையில் நிலைமின் பட்டியும் கட்டிக்கொண்டேன். அட்டெனுவேட்டரைக் கழற்றியதும் முதல் மிக்சர் வெளியே திறந்து நிற்கும். விரலிலிருந்து பாயும் ஒரு பொறி போதும், இருக்கும் பழுதோடு இன்னொன்றும் சேரும்.

பெட்டியைத் திறக்காமலேயே நேர்மின்னோட்ட ஓம் மீட்டரால் உள்ளே பார்த்துவிடலாம். உள்ளீட்டுத் தடுப்புக் கெபாசிட்டர் இந்தக் கருவியில் பெட்டிக்கு வெளியே இருப்பதால் அது வசதியானது. சரியான 10 டெசிபெல் படியின் ஒரு முனையை 50 ஓமால் முடித்துவிட்டு மறுமுனையை அளந்தால் 50 ஓம் வர வேண்டும். எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அதேதான். என் மீட்டர் உள்ளீட்டு முனையிலிருந்து பார்த்தபோது 140 ஓம் காட்டியது. திருப்பி வைத்து வெளியீட்டு முனையிலிருந்து பார்த்தால் 55 ஓம்.

இந்தச் சமச்சீரின்மையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இந்தப் படியில் ஆங்கில டி (T) எழுத்து வடிவ மின்தடை வலை இருக்கிறது. இரு கைகளிலும் 26 ஓம், நடுவிலிருந்து தரைக்கு 35 ஓம். உள்ளீட்டுப் பக்கக் கையின் 26 ஓம் 116 ஓமாக ஏறிவிட்டால், அந்தப் பக்கம் 116உடன் மீதி வலையின் 24 சேர்ந்து 140 வரும், மறுபக்கம் 55 வரும், மொத்த இழப்பு 15.6 டெசிபெல் ஆகும். மூன்று எண்களும் ஒரே மின்தடையைக் கைகாட்டின.

ஏன் அந்த ஒன்று மட்டும்? டி வலையில் உள்ளே வரும் திறனின் 52 சதவீதத்தை முதல் கையே தாங்குகிறது. கருவியின் உள்ளீட்டு வரம்பு +30 டிபிஎம், அதாவது 1 வாட். யாரோ ஒரு டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டை நேராக இதில் செருகியிருக்க வேண்டும். ஐந்து வாட் வந்திருந்தால் கடுகளவு மின்தடைப் படலத்தின் மேல் 2.6 வாட் விழுந்திருக்கும். பெட்டியைத் திறந்தபோது அந்தப் படலத்தின் நடுவில் நூலிழை போன்ற பழுப்புக் கோடு தெரிந்தது. அந்தப் படி பின்னாலிருந்த மிக்சருக்குக் கவசமாக நின்று எரிந்திருக்கிறது. கருவியை இயக்கியதும் தானாகவே 10 டெசிபெல் நிலைக்கு வரும்படி வடிவமைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 0 நிலையில் அந்த அதிர்ச்சி வந்திருந்தால் மிக்சர் போயிருக்கும், பழுதுபார்ப்பும் அங்கேயே நின்றிருக்கும்.

கேபிள் மாற்றியபோது சிகரம் 0.8 டெசிபெல் ஆடியதும் இப்போது பொருந்தியது. 140 ஓம் உள்ளீட்டின் எதிரொலிப்புக் கெழு (வரும் அலையின் மின்னழுத்தத்தில் திரும்பும் பங்கு) 0.47. காலிபரேட்டர் முனையில் 0.1 அளவு எதிரொலிப்பு இருந்தால் இரண்டும் சேர்ந்து கூட்டவும் கழிக்கவும் 0.4 டெசிபெல் தரும். கோடிக்குக் கோடி 0.8.

மெல்லிய படல மின்தடையை மேசையில் சரிசெய்ய முடியாது. உதிரிக்காக உடைத்த இன்னொரு கருவியிலிருந்து அதே வகை அட்டெனுவேட்டரைப் பெற்றேன். பொருத்தும் முன் எட்டு நிலைகளிலும் இரு முனைகளிலும் ஓம் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நெடுங்காலம் சும்மா கிடந்ததால் தொடுமுனைகள் மங்கி, ஒரே நிலை முறைக்கு முறை வேறு எண் தந்தது. ஒவ்வொரு படியையும் நூறு முறை மாற்றி மாற்றி இயக்கியதும் தங்கப் பூச்சு உரசிச் சுத்தமாகி, திரும்ப வரும் அளவு 0.1 டெசிபெல்லுக்குள் நின்றது. தொடுமுனைகளில் எண்ணெய்த் தெளிப்பான் எதையும் அடிக்கவில்லை. அது உள்ளே தங்கி, தூசியைப் பிடித்து, பிறகு பெரிய தொல்லையாகும்.

சூடான டாண்டலம்

மீதி 4.3 டெசிபெல்லுக்குத் தேடல் பொறுமையைக் கேட்டது. எல்லாப் பேண்ட்விட்த்களிலும், எல்லா ரெஃபரன்ஸ் லெவல்களிலும் அதே அளவு குறைவதால், மாறும் படிகளில் பழுது இல்லை, எப்போதும் பாதையில் இருக்கும் ஏதோ ஒரு நிலையான பெருக்கியில்தான் இருக்க வேண்டும். 21.4 மெகாஹெர்ட்ஸ் இடை அதிர்வெண் போர்டின் உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றி, ஜெனரேட்டரிலிருந்து அதே அதிர்வெண்ணைக் கையேடு சொல்லும் அளவில் கொடுத்தேன். உயர் மின்மறுப்பு புரோபால் நிலை நிலையாகத் தொட்டுச் சென்றேன். மூன்றாவது டிரான்ஸிஸ்டர் 12 டெசிபெல் தர வேண்டிய இடத்தில் 8ஐ ஒட்டியே தந்தது.

அதன் மின்னூட்டம் 15 வோல்ட்டிலிருந்து 220 ஓம் மின்தடை வழியாக வருகிறது. சாதாரணமாக அந்த நிலை 6 மில்லிஆம்பியர் இழுக்கும், எனவே மின்தடைக்குப் பின் 13.7 வோல்ட் இருக்க வேண்டும். இருந்தது 9.3. மின்தடையில் 5.7 வோல்ட் விழுகிறது என்றால் அதில் ஓடுவது ஏறத்தாழ 26 மில்லிஆம்பியர். டிரான்ஸிஸ்டர் வழக்கத்தைவிடக் குறைவாகவே இழுக்கிறது. அப்படியானால் 20 மில்லிஆம்பியருக்கு மேல் வேறு எங்கோ தரைக்குக் கசிகிறது. பக்கத்தில் மணி போல நின்ற டாண்டலம் கெபாசிட்டரை விரலால் தொட்டேன், சூடாக இருந்தது. கெபாசிட்டர் சூடாக இருக்க எந்த நியாயமும் இல்லை. குளிர்த் தெளிப்பானை அதன்மேல் மட்டும் ஒரு நொடி அடித்ததும் திரையில் சிகரமும் இரைச்சலும் சேர்ந்து ஒரு டெசிபெல்லுக்கு மேல் எழுந்தன. சூடேறச் சூடேறக் கசிவு கூடுகிறது, கசிவு கூட மின்னழுத்தம் இறங்குகிறது, டிரான்ஸிஸ்டரின் மின்னோட்டம் குறைந்து பெருக்கமும் இறங்குகிறது. முதல் நாள் கண்ட 1.2 டெசிபெல் நகர்வின் ஊற்றுக்கண் இதுதான்.

டாண்டலம் பெரும்பாலும் முழுக் குறுக்குச் சுற்றாகி, புகைந்து, தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் என்பார்கள். இது அப்படிச் செய்யாமல் அரைகுறையாகக் கசிந்துகொண்டே இருந்தது. 15 வோல்ட் வழித்தடத்தைப் பொதுச் சோதனை முனையில் அளந்தால் 15.0 என்று சரியாகவே இருக்கும், ஏனெனில் 220 ஓம் மின்தடை பழுதை மறைத்துவிடுகிறது. அதனால் பழைய கருவிகளில் மின்வழங்கியை மட்டும் அளந்து திருப்தி அடைய வேண்டாம். ஒவ்வொரு பிரிப்பு மின்தடையின் இரு முனைகளுக்கும் இடையே மில்லிவோல்ட் பாருங்கள். ஒரே மாதிரி நிலைகளில் ஒன்று மட்டும் மும்மடங்கு காட்டினால் அங்கேதான் வேலை.

கெட்டதை மாற்றும்போது அந்தப் போர்டிலிருந்த அதே வகைக் கெபாசிட்டர்கள் ஆறையும் சேர்த்தே மாற்றினேன். கொள்ளளவு அதேதான், மின்னழுத்தத் தாங்குதிறன் மட்டும் 25 வோல்ட்டுக்குப் பதில் 35. துருவத்தை இரண்டு முறை பார்த்துத்தான் சாலிடர் வைத்தேன். பழுப்பேறியிருந்த 220 ஓம் மின்தடையும் மாறியது.

யாரோ திருப்பிய இன்னொரு திருகு

காலிபரேட்டர் இப்போது −20.2 டிபிஎம். முகப்புத் திருகு நடுநிலையிலேயே இருக்கிறது. கொண்டாடிவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் லாக் பெருக்கி போர்டில் ஒரு டிரிம்மரின் (அளவைச் சரிசெய்யும் சிறு திருகு) மேலிருந்த முத்திரை வண்ணம் உடைந்திருந்தது நெஞ்சில் உறுத்தியது. ஜெனரேட்டரின் அளவைப் பத்துப் பத்தாகக் குறைத்துப் பார்த்தேன். மேல்கோட்டிலிருந்து 70 டெசிபெல் இறங்கியபோது திரை 71.4 இறங்கியிருந்தது. பத்துக்கு 0.2 என்று சீராகக் கூடும் சரிவுப் பிழை. ஹார்மோனிக் போன்ற ஒப்பீட்டு அளவுகளை இதுதான் நேரடியாகக் கெடுக்கும். மேல்கோட்டில் வைத்துக் காலிபரேட்டரைப் பார்ப்பவருக்கு இது ஒருபோதும் தெரியாது.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் லாக் சரிவு, பிறகு பேண்ட்விட்த்களுக்கு இடையிலான சமநிலை, அதன்பின் படிப் பெருக்கம், எல்லாவற்றுக்கும் கடைசியாக மொத்தப் பெருக்கம். தலைகீழாகப் போனால் ஒவ்வொரு திருத்தமும் முந்தையதைக் குலைக்கும். சரிவை 70க்கு 70.1 என்று கொண்டுவந்து, புதிய வண்ணம் வைத்து முத்திரையிட்டேன். பேண்ட்விட்த் சமநிலை 0.2க்குள் வந்தது. படிப் பெருக்கத்தைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

இறுதி எண்கள்: காலிபரேட்டர் −20.0. இரைச்சல் −94.5, இப்போது அது உண்மையான எண். இரண்டுக்கும் இடைவெளி 74.5. குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் வித்தியாசம் 0.2. அட்டெனுவேட்டரின் எட்டு நிலைகளும் 0.4 டெசிபெல் பட்டைக்குள். கேபிள் மாற்றினால் நகர்வு 0.1. மூன்று வாரம் கழித்து அதே வரிசையில் மறுபடி அளந்தேன், எந்த எண்ணும் 0.1க்கு மேல் மாறவில்லை. இந்த எண்களைத் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி மேல்மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அடுத்து இதைத் திறப்பவருக்கு ஒப்பிட ஏதாவது இருக்க வேண்டும்.

அதிர்வெண் சமநிலையில் இன்னும் ஒரு வேலை பாக்கி. 1.2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி 0.9 டெசிபெல் பள்ளம் ஒன்று இருக்கிறது. அனுமதித்த 1 டெசிபெல்லுக்குள் அது அடங்கினாலும், உள்ளீட்டு என் வகைக் கனெக்டரின் நடு முள் சற்று உள்வாங்கியிருப்பதைப் பார்த்துவிட்டேன். புதிய கனெக்டர் வந்ததும் மாற்றப்போகிறேன்.